33 கோடி வீடு, 24 கோடி குடும்பம், அப்புறம் எப்படி வீட்டுப் பற்றாக்குறை?

தேர்வுமுனை:

வணக்கம். குரூப் 1 முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுவசதி பற்றி ஒரு கட்டுரை எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்து மூன்று நாளாகக் குழம்பிக் கிடக்கிறேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மொத்தம் 33.08 கோடி வீடுகள். குடும்பங்கள் 24.67 கோடி. அதாவது ஆளுக்கொரு வீடு கொடுத்தாலும் எட்டு கோடிக்கு மேல் மிச்சம். அதில் 2.47 கோடி வீடுகள் யாரும் இல்லாமல் காலியாகக் கிடக்கின்றன, நகரங்களில் மட்டும் 1.11 கோடி. சரி, இதுவரை புரிகிறது. ஆனால் அடுத்த வருடமே, 2012இல், மத்திய வீட்டுவசதி அமைச்சகம் அமைத்த அமிதாப் குண்டு குழு நகரங்களில் 1.878 கோடி வீடுகள் பற்றாக்குறை என்கிறது. இரண்டும் அரசாங்கத்தின் எண்கள்தான். காலி வீட்டைக் கழித்தாலே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுமே?

பயிற்சி மையத்தில் கேட்டால் "ரெண்டு எண்ணையும் எழுதிவிடு, மார்க் வரும்" என்கிறார்கள். அறை நண்பனோ, பற்றாக்குறை என்பதே கட்டுமானக் கம்பெனிகள் கிளப்பிவிட்டது என்கிறான். எனக்கு இரண்டுமே ஒட்டவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

சிவப்புப்பெயிண்ட்:

தம்பி, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. 2011 சென்சஸின் முதல் கட்டமாக 2010இல் வீட்டுப்பட்டியல் எடுக்க எங்களைத்தான் அனுப்பினார்கள். உங்கள் 33 கோடியில் என் கையெழுத்தில் போன வரிசைகளும் கொஞ்சம் இருக்கின்றன, அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் அந்த 33 கோடியும் நாம் சொல்கிற வீடு இல்லை. சென்சஸ் வீடு என்றால் தெருவிலிருந்தோ முற்றத்திலிருந்தோ மாடிப்படியிலிருந்தோ தனி வாசல் உள்ள எந்த இடமும். ஒரு கட்டடம், முன்னால் டீக்கடை, பின்னால் கடைக்காரர் குடும்பம், மாடியில் ஒரு அறை வாடகைக்கு. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வீடு. என் பட்டியலில் கட்டட எண் ஒன்று, சென்சஸ் வீடு மூன்று. கதவோரம் பெயிண்டால் எண்ணை எழுதிவிட்டு வரவேண்டும், புதிதாக வெள்ளையடித்த வீட்டுக்காரர்களிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. நான் பாடம் நடத்திய பள்ளிக்கூடமும் அந்தப் பட்டியலில் ஒரு சென்சஸ் வீடு. தெருமுனைப் பிள்ளையார் கோயிலும் ஒரு சென்சஸ் வீடு. நாடு முழுக்க இப்படி வழிபாட்டு இடங்கள் மட்டும் 30 லட்சம் எண்ணப்பட்டன. கடை, அலுவலகம், ஆஸ்பத்திரி, பட்டறை எல்லாவற்றையும் கழித்து, குடியிருப்பாக மட்டும் இருப்பவை, குடியிருப்போடு வேறு தொழிலும் நடப்பவை இரண்டையும் சேர்த்தால் வருவது சுமார் 24.5 கோடி. குடும்பம் 24.67 கோடி. உங்கள் எட்டு கோடி மிச்சம் எங்கே போனது என்று இப்போது தெரிந்திருக்கும்.

காலி என்பதிலும் ஒரு சங்கதி உண்டு. குடியிருப்பவர்கள் ஊருக்குப் போயிருந்து பூட்டியிருந்தால் அது காலி இல்லை, "குடியிருந்து பூட்டப்பட்டது" என்று வேறு கணக்கு. யாரும் வசிக்காமல், வேறு வேலைக்கும் பயன்படாமல் இருந்தால்தான் காலி. என் பகுதியில் காலி என்று எழுதியவற்றில் ஒன்று நான்கு அண்ணன் தம்பிகள் பாகப்பிரிவினை வழக்கில் இருந்த பழைய ஓட்டுவீடு, உத்தரத்தில் செடி முளைத்துக் கிடந்தது. இன்னொன்று கட்டி முடித்து விற்காத அடுக்ககம், அது ஒன்றிலேயே பன்னிரண்டு. வெளியாகும் அட்டவணையில் அந்த ஓட்டுவீடும் இந்தப் பன்னிரண்டும் ஒரே பத்தியில்தான் வரும், ஏன் காலி என்பது அதில் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எத்தனை அறை, எத்தனை திருமணமான தம்பதிகள் என்று இரண்டு கேள்விகள் உண்டு. அறை என்றால் சுமார் ஆறரை அடி நீளம், ஐந்தடி அகலம், நிமிர்ந்து நிற்கும் உயரம் இருக்கவேண்டும். சமையலறை, குளியலறை சேராது. ஒரு வீட்டில் மாமனார் மாமியார், மகன் மருமகள், இரண்டு குழந்தைகள். அறை ஒன்றுதான், நடுவில் கொடி கட்டிப் புடவை தொங்கியது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "ரெண்டு ரூம்னு போட்டுக்கோங்க டீச்சர், புடவைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு" என்றது. நான் ஒன்று என்றுதான் எழுதினேன்.

---

தரவுப்பூனை:

டீச்சர் சொன்ன அந்தப் புடவைதான் உங்கள் கேள்விக்கு விடை, மெய்யாகவே.

குண்டு குழுவின் 1.878 கோடியைப் பிரித்துப் பாருங்கள். வீடே இல்லாதவர்கள் 5.3 லட்சம். இனித் தேறாது என்ற நிலையில் உள்ள கச்சா வீடுகளில், அதாவது மண், கீற்று மாதிரிப் பொருள்களால் ஆன வீடுகளில் இருப்பவர்கள் 9.9 லட்சம். கட்டடம் பழசாகிப்போய் வாழ்வதற்கு லாயக்கில்லாமல் ஆனவை 22.7 லட்சம். மிச்சம் 1.499 கோடி, அதாவது மொத்தத்தில் 80 விழுக்காடு, நெரிசல். தனியறை இல்லாத தம்பதி உள்ள குடும்பங்களைத்தான் அப்படி எண்ணினார்கள். அந்தக் குடும்பங்களுக்கு வீடு இருக்கிறது, கதவில் எண்ணும் இருக்கிறது, சென்சஸில் "குடியிருப்பு" என்றே பதிவாகியிருக்கும். ஆக, ஐந்தில் நான்கு பங்கு பற்றாக்குறை வீடு உள்ளவர்களுடையது. இதை வீட்டுப் பற்றாக்குறை என்று சொல்வதைவிட அறைப் பற்றாக்குறை என்று சொல்லியிருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திருக்காது, ஆனால் அறைப் பற்றாக்குறை என்றால் தலைப்புச் செய்தி வராது என்பதும் உண்மை.

அதனால்தான் காலி வீட்டை இதிலிருந்து கழிக்க முடியாது. ஒன்று கட்டடக் கணக்கு, இன்னொன்று மனிதர்களின் நெருக்கடிக் கணக்கு. இன்னும் பச்சையாகச் சொன்னால், பற்றாக்குறையில் 1.055 கோடி பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு, 74.1 லட்சம் குறைந்த வருமானப் பிரிவு, இரண்டும் சேர்ந்து 95 விழுக்காட்டுக்கு மேல். நடுத்தர வருமானமும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வெறும் 8.2 லட்சம். காலியாக நிற்கும் 1.11 கோடி நகர வீடுகளில் அந்த 95 விழுக்காட்டினர் வாடகை கொடுத்துப் போகக்கூடியவை எத்தனை இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பங்கு இதில் 12.5 லட்சம், உத்தரப் பிரதேசம், மகாராஷ்டிரம், மேற்கு வங்கம், பிரிக்கப்படாத ஆந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்து.

கட்டுரை எழுதும்போது ஒரு பள்ளத்தில் விழாதீர்கள். 2007க்கான முந்தைய குழு 2.471 கோடி என்றது, 2012இல் 1.878 கோடி. உடனே "ஐந்தாண்டில் 60 லட்சம் வீடு குறைந்தது, அரசின் சாதனை" என்று எழுதுபவர்கள் உண்டு. இடையில் கணக்கிடும் முறையே மாறிவிட்டது. அளவுகோலை மாற்றிவிட்டுப் பையன் வளர்ந்துவிட்டான் என்று சொல்ல முடியாது.

உங்கள் அறை நண்பருக்கு: கம்பெனிகள் இந்த எண்ணை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்றால் ஒத்துக்கொள்கிறேன். எண்ணை அவர்கள் உண்டாக்கவில்லை. அவர்கள் கட்டுவதும் பெரும்பாலும் அந்த 95 விழுக்காட்டுக்கு இல்லை.

---

பூட்டியவீடு:

காலி வீட்டுக்காரர்களை எல்லாரும் ஒரு மாதிரி பேசுகிறீர்கள், அதனால் நானும் சொல்கிறேன். தாம்பரம் பக்கம் எனக்கு ஒரு பிளாட் உண்டு, மூன்று வருடமாகப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன். ஏன்? வாடகைக்கு விட்டால் வருடத்துக்கு வீட்டு மதிப்பில் இரண்டோ மூன்றோ விழுக்காடுதான் கையில் வரும், அதில் பராமரிப்பு, சொத்து வரி, ஆள் மாறும்போதெல்லாம் பெயிண்ட் என்று போனால் மிஞ்சுவது சொற்பம். முன்பு இருந்த குடித்தனக்காரர் ஏழு மாத வாடகை பாக்கி வைத்து, காலி செய்யச் சொன்னதும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வங்கியில் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பழைய 1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய் 2017இல் புதுச்சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கும் வந்தது, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யவேண்டும் என்றெல்லாம் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் பயம் சட்டத்தோடு போய்விடுவதில்லை. 2017-18 பொருளாதார ஆய்வறிக்கையைப் பாருங்கள், இந்திய நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961இல் 54 விழுக்காடு, 2011இல் 28 என்று போட்டிருக்கிறார்கள். எல்லாரும் சொந்த வீடு வாங்கிவிட்டதால் மட்டும் இது நடக்கவில்லை, என் மாதிரி ஆட்களும் காரணம். பேராசை என்று திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தனியார் மட்டும்தான் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசின் நகரப் புனரமைப்புத் திட்டத்தில் கட்டி ஆள் குடிபோகாமல் ஒரு லட்சத்துக்கு மேல் வீடுகள் நின்றன. அவற்றை வாடகைக்கு விடலாம் என்று 2020இல் தனியாக ஒரு திட்டமே போட்டார்கள்.

---

தரவுப்பூனை:

திட்டவில்லை சார், நீங்கள் சொன்னது முக்கியமான விஷயம். அரசு கட்டியது ஏன் காலியாக நின்றது என்பதையும் சேர்க்கவேண்டும். ஊருக்கு வெளியே நிலம் மலிவாகக் கிடைக்கும் இடத்தில் கட்டினார்கள், வேலை ஊருக்குள் இருந்தது. சென்னையில் குடிசைப் பகுதிகளிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டுப் போனவர்களைக் கேட்டால் தெரியும். கான்கிரீட் கூரை, தனிக் கழிப்பறை, மின்சாரம், எந்த அட்டவணையில் பார்த்தாலும் அந்தக் குடும்பம் முன்னேறியிருக்கும். வீட்டுவேலைக்குப் போக அந்த அம்மா விடியற்காலையில் எத்தனை பேருந்து மாறினார் என்பதற்கு அட்டவணை கிடையாது.

---

ஓலைச்சரசரப்பு:

நகரத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், கிராமத்துக் கதையையும் கேளுங்கள். டெல்டா மாவட்டம் எங்களுக்கு. இங்கே வீட்டுக் கணக்கு என்றால் ஆராய்ச்சி இல்லை, பட்டியல். பெயர் இருந்தால் வீடு, இல்லாவிட்டால் இல்லை.

2011இல் சென்சஸோடு இன்னொரு கணக்கெடுப்பும் நடந்தது, சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு. மண்சுவரும் கீற்றுக்கூரையுமாக ஒரே அறை உள்ள வீடா என்பது அதில் ஏழ்மையின் அடையாளங்களில் ஒன்று. பிரதமர் கிராமப்புற வீட்டுத் திட்டத்துக்கு முதலில் அந்தப் பட்டியலைத்தான் வைத்து ஆள் எடுத்தார்கள். அதில் விட்டுப்போனவர்களுக்காக 2018இல் ஆவாஸ் பிளஸ் என்று மறுபடி ஒரு கணக்கெடுப்பு. மாநில அரசும் தனியாகக் குடிசைகளை எண்ணி, கலைஞரின் கனவு இல்லம் என்ற பெயரில் 2030க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 2024இல் அறிவித்தது, வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி.

எங்கள் சித்தப்பா வீட்டுக் கதை என்னவென்றால், கஜா புயலில் முன்பக்கக் கீற்று பறந்துவிட்டது. யாரோ கொடுத்த தகரத்தை எடுத்து முன்னால் போட்டார், பின்பாதி இன்றும் கீற்றுதான், மழை வந்தால் பாத்திரத்தை வரிசையாக வைக்கவேண்டும். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று பார்த்தார், தகரம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். குடிசை இல்லை என்றாகிவிட்டது. அவர் எந்த அலுவலகம், யார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஒரு தகரத்தால் பட்டியலிலிருந்து வெளியே வந்த குடும்பம் எங்களுடையது.

பட்டா இன்னொரு தலைவலி. இந்தத் திட்டங்களில் பெரும்பாலும் சொந்த மனையில் கட்டிக்கொள்ளப் பணம் தருவார்கள். புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு மனையே கிடையாதே? நகரத்திலும் இதே கதைதான் என்று கேள்வி, பிரதமர் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவில் ஒப்புதல் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை சொந்த மனையில் கட்டிக்கொள்பவர்களுக்குத்தான். வாடகைக்கு இருப்பவன் எங்கே போவான்?

---

சிவப்புப்பெயிண்ட்:

நீங்கள் சொன்ன தகரம் எனக்கு உறுத்துகிறது ஐயா. எங்களுக்குச் சொன்னது கூரையில் எந்தப் பொருள் அதிகமோ அதை எழுது என்று. பாதிக்குப் பாதி இருந்தால் என்ன செய்வது? வெயிலில் நின்று நூற்றைம்பது வீடு முடிக்கவேண்டிய ஆள் வாசலில் இருந்து தெரிவதைத்தான் எழுதுவார். நானும் அப்படி எழுதியிருப்பேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

வீட்டின் நிலை என்ற கேள்வியும் அதே மாதிரிதான். பழுது வேண்டாதது நல்ல நிலை, சின்னப் பழுது பார்த்தால் போதும் என்றால் வசிக்கத்தக்கது, பெரிய பழுது வேண்டியது சிதிலமடைந்தது. 2011இல் நாடு முழுக்கச் சிதிலம் 5.3 விழுக்காடுதான் வந்தது. சிதிலம் என்று எழுதப்போனால் வீட்டுக்கார அம்மா முகம் சுருங்கும், "ஏன் டீச்சர், நாங்க இருக்கோமே" என்பார்கள். வசிக்கத்தக்கது என்று மாற்றிவிடத் தோன்றும்.

---

தேர்வுமுனை:

எல்லாருக்கும் நன்றி, பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணம் இப்போது வீணாகத் தெரிகிறது. கடைசியாக ஒரு சந்தேகம். 2011க்குப் பிறகு எந்த எண்ணை நம்பி எழுதுவது? தேசிய மாதிரி ஆய்வு 2018இல் நடந்தது என்று பார்த்தேன், அதில் நகரங்களில் 96 விழுக்காடு பக்கா வீடு என்று இருக்கிறதே. அப்படியானால் பிரச்சினை முடிந்துவிட்டதா?

---

தரவுப்பூனை:

நீங்கள் சொல்வது தேசிய மாதிரி ஆய்வின், அதாவது என்எஸ்எஸ்ஸின் 76ஆவது சுற்று, 2018 ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. (கல்லூரியில் மரம் நடுகிற என்எஸ்எஸ் இல்லை, கூகுளில் தேடினால் அதுதான் முதலில் வரும்.) 1,06,838 குடும்பங்களைக் கேட்டார்கள். நகரத்தில் 96.0, கிராமத்தில் 76.7 விழுக்காடு பக்கா கட்டுமானம் என்பது சரிதான். ஆனால் பக்கா என்றால் சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பது மட்டுமே. டீச்சர் சொன்ன புடவை வீடு செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாக இருந்தால் அதுவும் பக்காதான்.

அதே அறிக்கையில் நான் அடிக்கடி எடுத்துப் பார்க்கும் எண் வேறு. ஒரு வீட்டின் சராசரிப் பரப்பு கிராமத்தில் 46.6 சதுர மீட்டர், நகரத்தில் 46.1. ஏறக்குறைய ஒன்றுதான், ஐந்நூறு சதுர அடி. நகரத்தின் சராசரியில் போட் கிளப் பங்களாவும் இருக்கிறது, வடசென்னையின் ஒற்றை அறையும் இருக்கிறது. சராசரியை மட்டும் எழுதாமல் 2011 சென்சஸில் ஒரே அறையில் வாழும் குடும்பங்கள் 37.1 விழுக்காடு, தனக்கென்று ஓர் அறைகூட இல்லாதவை 3.9 என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

மாதிரி ஆய்வில் நாடு, மாநிலம் வரை நம்பலாம். உங்கள் ஊராட்சி, உங்கள் வார்டு என்று இறங்கினால் மாதிரி போதாது, அதற்கு ஒவ்வொரு வீடாக எண்ணும் சென்சஸ்தான் வேண்டும். 2021இல் வரவேண்டியது கொரோனாவில் தள்ளிப்போய், வீட்டுப்பட்டியல் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள், ஆள் கணக்கு 2027 பிப்ரவரியில் என்று ஆகிவிட்டது. இடைப்பட்ட காலம் முழுக்க எத்தனை திட்டங்கள் 2011 எண்ணை முதுகில் சுமந்துகொண்டு ஓடின என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றும். இந்த முறை காகிதம் இல்லை, மொபைல் செயலி. இணையம் இருக்கிறதா, எந்தத் தானியம் முக்கியமாகச் சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விகள்கூட உண்டு. அறை எத்தனை, தம்பதிகள் எத்தனை என்ற இரண்டும் அப்படியே இருக்கின்றன, அது எனக்குப் பெரிய ஆறுதல்.

---

ஓலைச்சரசரப்பு:

செயலி வைத்துக்கொண்டு வந்தாலும் வாசலில்தானே நிற்பார்கள். சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன், வருகிறவருக்கு முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்று.

---

தேர்வுமுனை:

டீச்சர், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அந்தப் பிள்ளையார் கோயிலுக்குக் கூரை என்ன என்று எழுதினீர்கள்?

---

சிவப்புப்பெயிண்ட்:

கான்கிரீட். அந்தத் தெருவில் முதலில் கான்கிரீட் போட்டவரே அவர்தான்.